காணிப் பிள்ளைகளும் மலைக் கல்வியும்

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அகத்தியமலைத் தொடரின் மேற்குச் சரிவில் மூலிகைகளையும் மலைவாசிகளின் வழக்கங்களையும் ஆராயப் புறப்பட்ட விஞ்ஞானிகள் குழுவொன்று, செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கிக் கால் சோர்ந்து நிற்கையில், அவர்களுக்கு வழிகாட்ட வந்த, காணி என்னும் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர்கள் மட்டும் களைப்பின் அறிகுறியே இன்றி, வழியில் பறித்த ஏதோ சிறு பழங்களை அவ்வப்போது வாயிலிட்டு மென்றவாறே முன்னே நடந்தார்கள். சோர்ந்தவர்களுக்கும் சில பழங்களைக் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குப் புதுத் தெம்பு பிறந்தது. இது என்ன செடி என்று கேட்டபோது இளைஞர்கள் வாய் திறக்கவில்லை. குலத்தின் மருந்தறிவை அந்நியருக்குச் சொல்லலாகாது என்பது மூத்தோர் வகுத்த கட்டுப்பாடு. விஞ்ஞானிகள் பலவாறு வேண்டிக்கொண்ட பிறகே அவர்கள் செடியைச் சுட்டிக் காட்டினார்கள்.

டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் சென்ற அந்தக் குழு கொண்டுவந்த ஆரோக்கியப் பச்சை என்னும் செடி, பின்னர் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதிக்கப்பட்டு, அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றோடு சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தாக வடிவம் பெற்றது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் பங்குக்கும் அளிக்கப்பட்டது. வந்த தொகையில் பாதி காணி சமூகத்துக்கு உரியது என்று முடிவாகி, அதைப் பெற்று நடத்த 1997இல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு ஒரு விஞ்ஞான ஸ்தாபனம் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்ச்சிகளில் ஒன்றாக இது உலகமெங்கும் பேசப்படுகிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தையும் உரிமைப் பத்திரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். என் கவனம் வேறிடத்தில் செல்கிறது. பட்டங்கள் பெற்ற பேரறிஞர்களுக்கு அன்றைக்குத் தாவர சாஸ்திரத்தில் ஒரு புதுப் பாடம் நடத்திய அந்த இளைஞர்கள், அந்தப் பாடத்தை எந்தப் பள்ளியில் படித்தார்கள்? அந்தப் பள்ளி இன்னும் நடக்கிறதா?

அவர்களுடைய இனத்தார் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி ராஜ்யங்களின் எல்லை திருத்தப்பட்டபோது மலையின் ஒரு பக்கம் கேரளத்தோடும் மற்றொரு பக்கம் சென்னை ராஜ்யத்தோடும் சேர்ந்ததேயன்றி, இரு பக்கத்திலும் கொள்வினை கொடுப்பினை வைத்திருந்த காணிக்காரக் குடும்பங்கள் எல்லைக் கல்லைக் கேட்டு உறவைப் பிரித்துக்கொள்ளவில்லை. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் கோதையாற்றின் கரைகளிலும் தச்சமலை, தோட்டமலை, மோதிரமலை, குற்றியாறு, வில்லுசாரிமலை என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் அவர்கள் இருக்கிறார்கள். சில ஊர்களுக்குத் தேக்கத்து நீரைப் படகில் கடந்துதான் போக வேண்டும். மாவட்டத்தின் 18 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பழங்குடியினர் ஏறக்குறைய 7,300 பேர்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காணிக்காரர். மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், மிஞ்சின் என்னும் ஆங்கில எஞ்சினியரின் மேற்பார்வையில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவிக்கும் நாஞ்சில் நாட்டு விவசாயி, அந்த நீர் பரந்து நிற்கும் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் யாருடைய காடாக இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதற்கு அவசியம் நேர்ந்ததேயில்லை.

காணிக் குடியிருப்பின் தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். அவருடைய சொல்லை ஊருக்கு அறிவித்து ஜனங்களைக் கூட்டுகிறவர் விளிக்காணி. நோய்க்கு மருந்தும் மந்திரமும் அறிந்து, மலைத் தெய்வங்களுக்குப் பூசையும் நடத்துகிறவர் பிலாத்தி. இரவு முழுவதும் நீளும் சாற்றுப்பாட்டை அவர் பாடுகையில், பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டப்பட்ட இரும்புக் குழலாகிய கொக்கரையை மெல்லிய கம்பியொன்றால் உரசி உரசித் தாளம் எழுப்புகிறார்கள். இரும்பின் மேல் இரும்பு உராயும் அந்தக் கரகரத்த ஓசை, கர்நாடக சங்கீதத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் இனிமையாக இராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் சடங்காகத் தோன்றும் அந்தப் பாட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிறுவர்கள், தங்கள் மலைகளையும் தெய்வங்களையும் முன்னோரையும் பற்றிய ஞாபகத்தையெல்லாம் புத்தகமின்றி மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள்.

பகலில் நடக்கும் வகுப்புக்கு மணியுமில்லை, கரும்பலகையுமில்லை. கிழங்கு தோண்டப் புறப்படும் ஒரு பாட்டியையும், அவள் பின்னே ஓடும் பேரனையும் கற்பனை செய்து பாருங்கள். மலையில் கவலை, நூறை என்று காட்டுக் கிழங்குகள் பல. எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் கொடிகள். கொடி மரத்தை வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா, இலை ஒற்றை இலையா அல்லது ஐந்தாகப் பிரிந்த கூட்டிலையா, இலைகள் எதிரெதிராக அமைந்தனவா மாறி மாறி அமைந்தனவா, தண்டில் முள் உண்டா, இலைக்கணுவில் உருளைக்கிழங்கின் சிறுவடிவம் போல் காய் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எது வேகவைத்த மாத்திரத்தில் தின்னத்தக்கது, எது பலமுறை நீர் மாற்றிக் கசப்பையும் நஞ்சையும் போக்கிய பின்னரே வாயில் வைக்கத்தக்கது என்று பிரித்தறிய முடியும். இதில் விசேஷம் என்னவென்றால், சர்வகலாசாலையின் தாவரவியல் நூல் அதே கொடிகளை இனம் பிரிக்கக் கையாளும் லட்சணங்களும் கொடி சுற்றும் திசை, இலையின் அமைப்பு, முள், கணுக்காய் என்ற இவையேதாம். பாட்டி லத்தீன் பெயர் சொல்வதில்லை, அவ்வளவே வித்தியாசம். தோண்டிய பின், கொடியோடு ஒட்டிய கிழங்கின் தலைப்பகுதியை மறுபடி குழியிலிட்டு மண் மூடிவிட்டு வருவதும் மலைவாசிகளின் வழக்கம். அடுத்த மழைக்கு அது மீண்டும் துளிர்க்கும். வளத்தை அழியாமல் பயன்படுத்துவது எப்படி என்று மாநாடு கூட்டி விவாதிக்கும் விஷயத்தைப் பையன் கையில் மண் ஒட்டக் கற்றுவிடுகிறான்.

மரச்சீனி என்னும் மரவள்ளியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் ஏழைகளின் உணவாகப் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவைச் சேர்ந்தது என்பார்கள். மலையிலும் சரி, விளவங்கோடு கல்குளத்து வீடுகளிலும் சரி, கிழங்கை நறுக்கித் திறந்த பானையில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். ஏன் கொட்ட வேண்டும்? கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. திசுக்கள் அறுபடும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் விஷம் பிறக்கிறது. அது நீரில் கரையும், சூட்டில் ஆவியாகும். ஆகையால் நறுக்குவதும், மூடாமல் கொதிக்க வைப்பதும், நீரை வடிப்பதும் ஒவ்வொன்றும் காரணத்தோடு கூடிய காரியங்கள். ரசாயனம் படிக்கும் பிள்ளை சயனைடைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்குகிறது. அன்று மத்தியானம் வீட்டில் அம்மா வடித்துக் கொட்டியதும் அதுதான் என்பதைப் பள்ளிக்கூடம் அதற்குச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டும் நன்றாக மழை தரும் பாக்கியம் இந்த மாவட்டத்துக்கு உண்டு. இரண்டு மழையைக் கணக்கிட்டு விதைக்கவும் நடவும் இங்கே பழைய திருவிதாங்கூர் வழக்கப்படி ஞாற்றுவேலைக் கணக்கு இருந்துவந்தது. சூரியன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஓராண்டில் கடக்கிறான் என்று வைத்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பதின்மூன்றரை நாளாகப் பகுத்த விவசாயப் பஞ்சாங்கம் அது. ஜூன் மாதக் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில், விடாமல் பெய்யும் மழைக்கிடையே, நல்லமிளகுக் கொடியை நட வேண்டும் என்பது விதி. மிளகுக் கொடிகளைப் பறங்கியர் கப்பலேற்றுகிறார்கள் என்று மந்திரி முறையிட்டபோது, கொடியைக் கொண்டு போகட்டும், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டுச் சாமூதிரி சிரித்ததாக ஒரு கதை மலையாள நாட்டில் வழங்குகிறது. கதை உண்மையோ பொய்யோ, ஓர் ஊரின் மண்ணையும் மழையையும் சார்ந்து நிற்கும் அறிவு அந்த ஊரிலிருந்துதான் கற்கப்பட வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. இப்போதோ மழை தன் கணக்கைத் தப்பிப் பெய்யும் காலம். பழைய ஞாற்றுவேலைக் கணக்கையும் இன்றைய மழைமானியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பத்து வருஷம் காத்து வைக்கும் ஒரு மலைப்பள்ளி, வானிலை ஆராய்ச்சிக்கே பெரிய உபகாரம் செய்ததாகும்.

யானையைப் பற்றிய பாடமும் உண்டு. தரையிலிருந்து உயரமாக, மரக்கிளைகளின் மேல் மூங்கிலும் ஈத்தையும் கொண்டு கட்டிய ஏறுமாடத்தில் இராத்தங்கிப் பயிரைக் காத்த தலைமுறையினர், எந்த மாதத்தில் யானை எந்தப் பள்ளத்தில் தண்ணீருக்கு இறங்கும், எப்போது அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று காட்டோரத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்களுக்கும் இந்த ஞானம் தேவைப்படுகிறது.

இந்தக் கல்வியின் பலன் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி, மலையின் அந்தப் பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு வனப்பகுதியில் இருக்கிறார். காணி குலத்தில் பிறந்த லட்சுமிக்குட்டி அம்மா, பேறுகாலம் பார்க்கும் தாயிடமிருந்து மருந்தறிவைப் பெற்றவர்; 1950களில், தம் குடியிருப்பிலிருந்து பள்ளிக்குக் காட்டு வழியே நெடுந்தூரம் நடந்து போய் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருக்கிறார், முக்கியமாக விஷக்கடிக்கு வைத்தியம் பார்க்கிறார், கவிதையும் எழுதுகிறார். 2018இல் அவருக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருது அளித்தது. வீட்டுக் கல்வி, பள்ளிக் கல்வி இரண்டும் ஒரே தலையில் சண்டையில்லாமல் குடியிருந்தன என்பதுதான் இவருடைய சரித்திரத்தில் நான் காணும் முக்கிய விஷயம். எழுத்தறிவு இல்லாதிருந்தால் இவர் கவிதையும் கட்டுரையும் எழுதியிருக்க முடியாது. தாயின் கல்வி இல்லாதிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். மலைக் குடியிருப்புகளில் ஆரம்பப் பள்ளிகளும், தங்கிப் படிப்பதற்கான அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஏற்பட்டது சாமானியமான நன்மையல்ல. மதிய உணவும், சீருடையும், இலவசப் புத்தகமும் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கியிருக்கின்றன. ஆயினும், வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்த தன் மலைப்பேச்சைப் பேசி வளர்ந்த குழந்தை, அந்தப் பேச்சுக்கே வகுப்பில் சிரிப்பு எழுவதைக் கேட்டு முதலில் வாயை மூடிக்கொள்கிறது. விடுதியில் சேர்ந்த பின், கிழங்கு தோண்டும் பருவமும் தேன் எடுக்கும் பருவமும் அதற்கு இல்லாமல் போகின்றன. பாடப் புத்தகத்தில் காடு வருகிறது, வராமலில்லை. அதில் நெட்டிலிங்கமும் தேக்கும் அசோகமும் இருக்கின்றன, காணிக் குழந்தை அன்றாடம் பழகும் காட்டு மரங்களில் பெரும்பாலானவை இல்லை. பத்து வருஷம் இப்படிக் கழித்து ஊர் திரும்பும் இளைஞன், பட்டணத்து வேலைக்கு வேண்டிய தேர்ச்சி முழுதும் பெறாமலும், பாட்டியின் தேர்ச்சியை இழந்தும், ரப்பர்த் தோட்டத்துக் கூலியாக நிற்பது அபூர்வமான காட்சியல்ல. இதற்கு ஆசிரியர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. நீரைக் கடந்து, அட்டைக் கடி பட்டு, மலையேறிப் பாடம் சொல்லும் அவர்களிடம் மலையைப் பற்றிப் பாடம் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் எவருக்கும் ஒரு சந்தேகம் எழும், எழத்தான் வேண்டும். மலைக்குழந்தைக்கு மலைத்தொழில் கற்பிப்பது என்றால், 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தை, குலக்கல்வி என்று நாடே கொதித்து எதிர்த்த அந்தத் திட்டத்தை, வேறு பெயரில் கொண்டுவருவதாகாதா? தச்சன் மகன் தச்சனாகவும் குயவன் மகன் குயவனாகவும் நிற்க வழி செய்கிறது என்ற கண்டனத்தின் முன் அது நிற்க முடியாமல், 1954இல் முதலமைச்சரான காமராஜரால் கைவிடப்பட்டது. அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபடியால் அந்தக் கிளர்ச்சியின் சூடு இங்கே நேராகப் படவில்லை. ஆனாலும், பின்னாளில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து காமராஜரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஜனங்கள் அந்தப் பாடத்தை மறக்க நியாயமில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தச் சந்தேகத்துக்கு ஒரே பரிகாரம்தான் உண்டு. மலையறிவைக் காணிக் குழந்தைக்கு மட்டும் உரிய தனிப் பாடமாக வைக்காமல், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாவட்டப் பாடமாக வைக்க வேண்டும். அதோடு, காணிக் குழந்தைக்குக் கணிதத்திலும் பௌதிகத்திலும் ஆங்கிலத்திலும் மற்றவருக்குக் கொடுப்பதில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. பிறந்த குடியைப் பார்த்துப் பாடத்தைப் பங்கிட்டால் அது குலக்கல்வி. வாழும் நிலத்தைப் பார்த்து எல்லோருக்கும் கொடுத்தால் அது பூகோளமும் விஞ்ஞானமுமாகும்.

இப்படி நடத்தியவர்கள் இல்லாமலில்லை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில், ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு இணைந்து வளர்ந்த வித்யோதயா பள்ளியில், பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் குழந்தைகள் தங்கள் குலத்திலிருந்தே பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். அவரவர் பாட்டும் கதையும் பேச்சும் அங்கே வகுப்புக்குள் வர அனுமதி கேட்பதில்லை. கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், டெசிந்தா என்னும் கல்வி நிலையத்தில் டெனே இனத்து முதியோரும் சர்வகலாசாலைப் பேராசிரியர்களும் ஒரே கூடாரத்தில் அமர்ந்து பாடம் நடத்துகிறார்கள். மான் தோல் பதனிடுவதும் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பதும் அந்தப் படிப்பைச் சேர்ந்தவை, அதற்குப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பள்ளிகளில் ‘இருவழி விஞ்ஞானம்’ என்று ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். எந்தப் பருவத்தில், எந்தக் காற்றில், எவ்வளவு பரப்புக்குப் புல்லைக் கொளுத்தினால் பெருந்தீ பரவாது என்று பழங்குடி முதியவர் காட்டித் தருவார். கொளுத்திய இடத்தில் பின்னர் எந்தச் செடி முளைத்தது, எந்தப் பிராணி வந்தது என்று மாணவர்கள் அளந்து எழுதுவார்கள். தங்கள் கல்வியைத் தாங்களே அமைத்து நடத்தும் உரிமை பழங்குடி மக்களுக்கு உண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை 2007இல் செய்த பிரகடனத்தின் பதினான்காம் ஷரத்து கூறுகிறது. அதை ஆதரித்து வாக்களித்த நாடுகளில் நம் நாடும் ஒன்று.

ஆனால் பழமை என்ற ஒன்றே பிரமாணமாகிவிடாது. பிலாத்தியின் மருந்தில் பலனளிப்பதும் இருக்கும், அளிக்காததும் இருக்கும். மந்திரம் மனத்துக்கு ஆறுதல் தரலாம், நாகத்தின் விஷத்தை அது முறிப்பதில்லை. விஷப்பாம்பு கடித்தவரைத் தாமதமின்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் விஷமுறிவு ஊசி போட வேண்டும் என்பதை மலைப்பள்ளியின் முதல் பாடமாகவே வைக்கலாம். அந்தப் பாடத்தையும் பழங்குடி அறிவிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. அந்த ஊசிமருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுத்துவருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்கள் நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டு பாம்பின் இனத்தையும் வளையையும் கண்டுபிடிக்கும் இருளரின் திறமையும், குதிரையின் ரத்தத்தில் முறிமருந்து உண்டாக்கும் ஆய்வுக்கூடத்தின் திறமையும் சேர்ந்துதான் அந்த ஒரு குப்பி மருந்தாகின்றன. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதேபோல், எல்லா அறிவையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதும் சரியல்ல. ஆரோக்கியப் பச்சையின் விஷயத்திலேயே, தங்கள் ரகசியம் வியாபாரத்துக்குப் போவதை விரும்பாத பிலாத்திகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இலைக்கு விலை வந்தபோது காட்டிலிருந்து செடியையே பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமும், அதனால் வன இலாகாவின் தடையும் வந்தன. ஆகவே எதைப் பள்ளியில் சொல்லலாம், எது குடும்பத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை மூட்டுக்காணியும் பிலாத்தியும் ஊர்க்கூட்டமும் தீர்மானிக்க வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பல்லுயிர் வளம் சம்பந்தமான பாரம்பரிய அறிவில் சமூகத்துக்கு உள்ள உரிமையை வெளிப்படையாகவே ஏற்றிருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமோ, ஒவ்வோர் ஊரிலும் அங்குள்ள செடி கொடி, பிராணி, அவற்றைப் பற்றிய ஜனங்களின் அறிவு ஆகியவற்றைத் தொகுத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. இந்தப் பதிவேடு என்ற யோசனையை வளர்த்த அறிஞர் மாதவ் காட்கில், பள்ளி ஆசிரியரும் மாணாக்கரும் அதைச் செய்யத் தகுந்தவர்கள் என்று கருதினார். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஒப்பந்தத்துக்கு எடுத்த ஆட்கள் அவசரமாக வந்து படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக் காணி மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு மழைக்காலம் முழுதும் எழுதிய பதிவேட்டின் முன் அந்தப் படிவம் எம்மாத்திரம்!

2008இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்ட பின், ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர்க் காட்டில் யார் எங்கே போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் காணிப் பிள்ளை தன் தாத்தாவோடு கிழங்குக் கொடியைப் பார்க்கப் போவதும், வேட்டைக்காரன் பொறி வைக்கப் போவதும் ஒரே விதியால் அளக்கப்படலாகாது. வன இலாகாவும், கல்வி இலாகாவும், ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. மூன்று இலாகாவை ஒரு மேசையில் உட்கார வைப்பதன் சிரமம் அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மாவட்டத்துப் பள்ளிகள் பிள்ளைகளைப் பேச்சிப்பாறைக்கும் திற்பரப்பு அருவிக்கும் உல்லாசப் பிரயாணம் அழைத்துச் செல்கின்றன. அந்த ஒரு நாளில் பாதியை, ஊரார் சம்மதத்தோடும் வன இலாகாவின் அனுமதியோடும், ஒரு காணிக் குடியிருப்பில் கழிக்கலாம். பாடம் நடத்துகிறவர் அந்த ஊர்ப் பெரியவராக இருக்கட்டும். காணிப் பிள்ளைகள் அவருக்கு உதவி உபாத்தியாயர்களாக இருந்து, நாகர்கோவில் பிள்ளைகளுக்குக் கொடி சுற்றும் திசையைக் காட்டிக் கொடுக்கட்டும். பிறகு ஒரு நாள் காணிப் பிள்ளைகளைச் சுசீந்திரம்-தேரூர்ப் பறவைக் குளங்களுக்கு அழைத்து வந்து, கீழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் நீரையும் வயலையும் பற்றிச் சொல்லட்டும். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் இதற்கு ஆகும் செலவு, சில குடியிருப்புகளுக்குப் படகுக் கூலியும், பாடம் நடத்திய பெரியவருக்கு ஓர் ஆசிரியரின் ஒரு நாள் சம்பளமுந்தான். அந்தச் சம்பளத்தைச் சன்மானம் என்று எழுதாமல், சம்பளம் என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.